கோட்டிங் போச்சா, வெறும் தூசியா? மைக்ரோஸ்கோப்ல பாத்து முடிவு பண்ற வழி

லேசர் பவர் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, பீம் ஷேப் கோணலா வருது, இல்லனா மிரர் மேல டார்ச் அடிச்சா எங்கயோ ஒரு புள்ளி மின்னுது. உடனே அத கழட்டி மைக்ரோஸ்கோப்ல வச்சு ஒரே ஒரு போட்டோ எடுத்து "சார் இது டேமேஜா"ன்னு கேக்குறவங்கதான் அதிகம். ஒத்த போட்டோவ வச்சு யாராலயும் சொல்ல முடியாதுங்க, ஏன்னா தூசி, குழி, பின்பக்கத்து அழுக்கு மூணுமே பிரைட் ஃபீல்டுல (நேரா வெளிச்சம் விட்டுப் பாக்குறது) கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் தெரியும். ஒரே இடத்த பிரைட் ஃபீல்டு, டார்க் ஃபீல்டு (சாய்வா வெளிச்சம் விட்டு சிதறுறத மட்டும் பாக்குறது), டிஐசி (சின்ன மேடு பள்ளத்த வெளிச்சம் நிழலா காட்டுறது) மூணுலயும் பாக்கணும், கிளீன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ, பண்ணதுக்கு அப்புறம் ஒரு தடவ. கீழ எழுதிருக்கிறது எல்லாமே இதச் சுத்தித்தான் இருக்கும்.

பெரும்பாலும் 1064 நானோமீட்டர் எண்டி-யாக் லேசர் மிரர், ஏஆர் கோட்டிங் (ரிஃப்ளெக்ஷன குறைக்கிற பூச்சு) போட்ட விண்டோ (பீம் கடந்து போற தட்டை கண்ணாடி), ஃபைபர் லேசர் கட்டிங் ஹெட்ல இருக்குற ப்ரொடெக்ஷன் கிளாஸ், இதையெல்லாம் மனசுல வச்சுத்தான் சொல்றேன். கேமரா லென்ஸ்காரங்களுக்கும் பாதி விஷயம் ஒத்து வரும்.

வைக்கிறதுக்கு முன்னாடி

லேசர ஆஃப் பண்ணி, இன்டர்லாக் போட்டு, அப்புறம்தான் கழட்டணும். பவுடர் இல்லாத கிளவுஸ் போட்டு ஓரத்துல மட்டும் புடிங்க. எந்தப் பக்கம் பீம் உள்ள வருது, எது மேல்பக்கம்னு சைடுல பென்சில்ல ஒரு அம்புக்குறி போட்டுக்கோங்க, இது இல்லனா அப்புறம் மைக்ரோஸ்கோப்ல பாத்த குழி பீம் பட்ட இடத்துலதான் இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாது. கோட்டிங் பக்கத்த ஸ்டேஜ் மேல கவுத்து வைக்கக் கூடாது, ஓரத்த மட்டும் தாங்குற ரிங் ஒண்ணு வச்சு அது மேல உக்கார வைங்க. 5எக்ஸ்ல ஆரம்பிங்க. சாதா 50எக்ஸ் ஆப்ஜெக்டிவ்ல பல மாடலுக்கு லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஃபோகஸ் தேடுறேன்னு திருகிக்கிட்டே போனா இல்லாத டேமேஜ நாமளே போட்டுருவோம். லாங் வொர்க்கிங் டிஸ்டன்ஸ் ஆப்ஜெக்டிவ் கிடைச்சா அதையே யூஸ் பண்ணுங்க.

இன்னொண்ணு, ஆப்ஜெக்டிவ் மேல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. 0.17னு இருந்தா அது கவர் கிளாஸ் போட்ட பயாலஜி ஸ்லைடுக்கானது, 0ன்னு இருந்தா மெட்டலர்ஜி டைப், நமக்கு வேணுங்கிறது இதுதான். காலேஜ்ல பயாலஜி மைக்ரோஸ்கோப் மட்டும்தான் இருக்குன்னா 10எக்ஸ் வரைக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, அதுக்கு மேல போனா படம் குழம்பும். அதோட அது கீழ இருந்து வெளிச்சம் விடுறது, டைஎலக்ட்ரிக் (மெட்டல் இல்லாத லேயர் போட்ட) மிரர் 1064க்கு போட்டதா இருந்தா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் ஓரளவு உள்ள போகும், அதனால சமாளிக்கலாம். அலுமினியம், வெள்ளி, தங்கம் போட்ட மிரர்னா அதுல ஒண்ணும் நடக்காது, மேல இருந்து வெளிச்சம் விடுற மைக்ரோஸ்கோப்தான் வேணும்.

பவர் குறையுது, ஆனா மைக்ரோஸ்கோப்ல எதுவுமே தெரியல

இதுதான் அதிகம் வர்ற கேஸ். முதல்ல எந்த முகத்த பாக்குறீங்கன்னு யோசிங்க. விண்டோ, லென்ஸ் மாதிரி பீம் உள்ள போயி வெளிய வர்ற பீஸ்ல, நானோசெகண்ட் பல்ஸா இருந்தா பெரும்பாலும் பீம் வெளிய வர்ற முகம்தான் முதல்ல அடிவாங்கும். கோட்டிங் இல்லாத கண்ணாடில வெளிய போற முகத்துல ரிஃப்ளெக்ட் ஆகுற அலை உள்ள வர்ற அலையோட கூடிக்கும், 1.5 ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் கண்ணாடிக்கு அந்த முகத்துக்கு உள்பக்கமா இன்டென்சிட்டி 1.44 மடங்கு ஆகிரும். ஏஆர் கோட்டிங் இருந்தா இந்த வித்தியாசம் ரொம்ப குறையும், ஆனாலும் முன்பக்கத்த மட்டும் பாத்துட்டு "கிளீனா இருக்கு"ன்னு திருப்பி மாட்டுறது வேண்டாம், ரெண்டு முகமும் பாருங்க.

அடுத்து வெளிச்சம். பிரைட் ஃபீல்டுல கலர் மாறுறதும் கோட்டிங் உரிஞ்சு போனதும் நல்லா தெரியும், ஆனா சில நானோமீட்டர் மேடு பள்ளம் தெரியவே தெரியாது. அதுக்குத்தான் டிஐசி, நொமார்ஸ்கின்னும் சொல்லுவாங்க, 1950கள்ல பிரான்ஸ்ல வேலை பாத்த ஜார்ஜ் நொமார்ஸ்கி கொண்டு வந்தது. போலரைசர், அனலைசர், நடுவுல ஒரு பிரிசம். வெளிச்சத்த ரெண்டா பிரிச்சு ரொம்ப கிட்டக்க கிட்டக்க ரெண்டு இடத்துல விழ வச்சு திரும்ப சேக்குது, ரெண்டுக்கும் நடுவுல உயர வித்தியாசம் இருந்தா அது வெளிச்சமா நிழலா மாறி தெரியுது. லேசர் டேமேஜ் டெஸ்டுக்கான ஐஎஸ்ஓ 21254 ஸ்டாண்டர்டு, லேசரால வந்த எந்த நிரந்தர மாற்றமா இருந்தாலும் அது டேமேஜ்தான்னு சொல்லும், அத கண்டுபிடிக்க அந்த ஃபீல்டுல எல்லாரும் முதல்ல கை வைக்கிறது இந்த டிஐசி மைக்ரோஸ்கோப்லதான்.

டிஐசி இருந்தும் தெரியலைன்னா பிரிசத்த நகத்தி பேக்ரவுண்ட் மங்கலான சாம்பல் கலர் வர்ற இடத்துல நிறுத்துங்க, அங்கதான் சென்சிட்டிவிட்டி நல்லா இருக்கும். கருஞ்சிவப்பு, நீலம்னு கலர் கலரா வச்சா போட்டோ அழகா இருக்கும், ஆனா சின்ன மேடு பள்ளம் அதுல காணாம போயிரும். அப்புறம் சாம்பிள 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவ பாருங்க. டிஐசிக்கு ஒரு திசை உண்டு, பிரிசம் வெளிச்சத்த பிரிக்கிற திசையிலேயே ஓடுற கோடு அதுக்குத் தெரியாது. இத நிறைய பேர் விட்டுடுறாங்க, ஒரு பக்கமா மட்டும் பாத்து "ஸ்கிராட்ச் இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதிடுறாங்க.

டார்க் ஃபீல்டு போட்டா முழுக்க புள்ளி புள்ளியா இருக்கு

பயப்படாதீங்க, பாதிக்கு மேல தூசியாத்தான் இருக்கும். டார்க் ஃபீல்டுல மைக்ரோஸ்கோப் பிரிச்சுக் காட்ட முடியாத அளவு சின்ன துகள் கூட வெளிச்சத்த சிதறடிச்சா மின்னும், அதனால புள்ளியோட சைஸ டார்க் ஃபீல்டுல அளக்கவே அளக்காதீங்க. கேமரா எக்ஸ்போஷர ஏத்துனா புள்ளியும் பெருசாகும், அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது. சைஸ் வேணும்னா பிரைட் ஃபீல்டுக்கு வாங்க, அங்கயும் 0.3 என்ஏ (ஆப்ஜெக்டிவ் எவ்வளவு அகலமான கோணத்துல வெளிச்சம் வாங்குதுங்கிற அளவு) உள்ள 10எக்ஸ்ல பச்சை வெளிச்சத்துக்கு 1.1 மைக்ரானுக்கு கீழ எதையும் நம்பாதீங்க.

செய்ய வேண்டியது இது. அதே இடத்தோட எக்ஸ் ஒய் ரீடிங்க எழுதிக்கிட்டு ஒரு போட்டோ எடுங்க. ரப்பர் பல்ப் புளோயர்ல ஊதுங்க, வாயால ஊதாதீங்க, எச்சில் துளி விழுந்தா அதுவே புது பிரச்சனை. திரும்ப போட்டோ. நகந்ததும் காணாம போனதும் தூசி. மிச்சம் இருக்குறதுக்கு டிராப் அண்ட் டிராக்: லென்ஸ் டிஷ்யூவ மேல பரப்பி, சுத்தமான அசிட்டோனோ மெத்தனாலோ ஒரு சொட்டு விட்டு, அழுத்தாம ஒரே சீரா இழுத்துருங்க, ஒரு டிஷ்யூ ஒரு தடவைக்குத்தான். பாதுகாப்பு லேயர் இல்லாத தங்கம், அலுமினியம் மிரர் மேல இதையும் செய்யாதீங்க, கோடு விழும். பிளாஸ்டிக் லென்ஸ்லயும் ஒட்டுன மவுண்ட்லயும் அசிட்டோன் படக் கூடாது. இதுக்கு அப்புறமும் அதே இடத்துல அதே ஷேப்ல நிக்குற புள்ளி இருந்தா அதுதான் நாம தேடுற ஆளு.

கட்டிங் ஹெட் ப்ரொடெக்ஷன் கிளாஸ்னா கதை வேற. அங்க ஒட்டியிருக்கிறது உருகித் தெறிச்ச மெட்டல், கோட்டிங்கோட சேந்து உருகி உக்காந்துருக்கும், தேச்சா போகாது. கருப்பு உருண்டையா தெரிஞ்சு சுத்தி வெடிப்பு ஓடுச்சுன்னா ஆராய்ச்சி பண்ணாம மாத்திருங்க. காசு பாத்து ஓட்டுனா கிளாஸ் சூடாகி ஃபோகஸ் நகந்து கட்டிங் கெட்டு, கடைசில உள்ள இருக்குற லென்ஸும் போயிரும்.

ஃபோகஸ் மாத்துனா புள்ளி ரெண்டா தெரியுது, மங்கலா பின்னாடி ஏதோ ஓடுது

பின்பக்கத்து முகம். கண்ணாடி உள்ள ஆழம் கம்மியா தெரியும்ங்கிறது ஸ்கூல் ஃபிசிக்ஸ்தான், 2 மில்லிமீட்டர் ஃபியூஸ்டு சிலிக்கா விண்டோன்னா முன் முகத்துல இருந்து கிட்டத்தட்ட 1.37 மில்லிமீட்டர் ஃபோகஸ இறக்குனாலே பின் முகம் ஷார்ப்பா வந்துரும். ஃபோகஸ் நாப்ல இருக்குற ரீடிங்க பாத்தா புள்ளி எந்த முகத்துலன்னு சந்தேகமே இல்லாம சொல்லிரலாம். ஃபீல்டு டயாஃபிரம கொஞ்சம் மூடுனா பின்பக்க மங்கலும் குறையும்.

இது மேடா, பள்ளமா?

டிஐசி படத்த பாத்து கண்ணு சொல்றத நம்பாதீங்க. பிரிசத்த அந்தப் பக்கமா நகத்துனா நிழல் தலைகீழா மாறி பள்ளம் மேடா தெரியும். அதே செட்டிங்ல நிச்சயமா பள்ளம்னு தெரிஞ்ச ஒரு கீறல முதல்ல பாத்துக்கோங்க, அதுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் விழுதுன்னு குறிச்சுக்கிட்டு அப்புறம் சந்தேகப் புள்ளிய பாருங்க. ஒரு மைக்ரானுக்கு மேல உயரம் இருந்தா 50எக்ஸ்ல ஃபோகஸ வச்சே சொல்லலாம். ரொம்ப நேரம் இதுல செலவு பண்ணாதீங்க, உயரம் முக்கியம்னா ஏஎஃப்எம்முக்கு (நுண்ணிய ஊசியால உயரத்த அளக்குற அட்டாமிக் ஃபோர்ஸ் மைக்ரோஸ்கோப்) குடுத்துருங்க.

வட்டமா குழி குழியா இருக்கு

இங்கதான் நிதானமா பாக்கணும், குழியோட ஷேப்லயே காரணம் இருக்கு.

கூம்பு மாதிரி உள்ள போற சின்ன குழி, அத சுத்தி அதே மாதிரி வெடிக்காத சின்ன சின்ன மேடும் இருக்குன்னா அது நாட்யூல். கோட்டிங் போடும்போது சோர்ஸ்ல இருந்து தெறிச்ச துகள் ஒண்ணு லேயருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, அது மேல லேயர் ஒவ்வொண்ணும் வளைஞ்சு வளைஞ்சு ஏறி மேல குவிமாடமா நிக்கும். லேசர் அடிச்சா அந்த வளைவு வெளிச்சத்த குவிச்சு துகளோட சேந்து மொத்தமா பிச்சிக்கிட்டு போயிரும். துகளோட விட்டம், அது இருந்த ஆழம் ரெண்டையும் பெருக்கி, எட்டால பெருக்கி, ஸ்கொயர் ரூட் எடுத்தா மேல தெரியுற குவிமாடத்தோட விட்டம் வரும். 4 மைக்ரான் ஆழத்துல 1 மைக்ரான் துகள் இருந்தா மேல 5.7 மைக்ரான். இத திருப்பிப் போட்டு குழியோட விட்டமும் ஆழமும் வச்சு துகள் எவ்வளவு பெருசுன்னு கோட்டிங் போட்டவங்ககிட்ட சொன்னீங்கன்னா அவங்க வாய் அடைஞ்சுரும், இது உங்க லேப்ல வந்த தூசி இல்ல, அவங்க சேம்பர்ல வந்ததுன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

அடி தட்டையா, ஓரம் செங்குத்தா இருக்குற குழின்னா ஏதோ ரெண்டு லேயருக்கு நடுவுல விட்டுப் போயிருக்கு. எந்த லேயர்னு கண்டுபிடிக்கலாம். ஹாஃப்னியாவும் சிலிக்காவும் மாறி மாறி போட்ட மிரர்ல 1064க்கு குவார்ட்டர் வேவ் லேயர்னா (லேயருக்குள்ள இருக்குற அலைநீளத்துல கால் பங்கு கனம்) சிலிக்கா சுமார் 183 நானோமீட்டர், ஹாஃப்னியா சுமார் 140 நானோமீட்டர் பக்கம் வரும் (போடுற முறைய பொறுத்து கொஞ்சம் மாறும்). மேல ஹாஃப் வேவ் சிலிக்கா ஒண்ணு போட்டிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. குழி ஆழத்த அளந்து மேல இருந்து லேயர் கனத்த ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே வந்தா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுரும். குவார்ட்டர் வேவ் மிரர்ல எலக்ட்ரிக் ஃபீல்டு மேல இருக்குற சில லேயரோட எல்லைலதான் உச்சத்துல இருக்கும், அதனால மேலாக நின்னா ஃபீல்டு காரணமா இருக்கலாம், ரொம்ப ஆழத்துல நின்னா ஒட்டுதல் பிரச்சனை, பாலிஷிங், கிளீனிங் பக்கமா சந்தேகப்படணும். ஒரு எச்சரிக்கை, ஆழத்த வைட் லைட் இன்டர்ஃபெரோமீட்டர்ல அளந்தா பொய் நம்பர் வரும், உள்ள தெரியுற லேயர் எல்லாம் சேந்து ரிஃப்ளெக்ட் பண்ணி ஃபேஸ மாத்திரும். ஏஎஃப்எம், இல்லனா ஊசி வச்சு தடவுற ப்ரொஃபைலோமீட்டர்தான் சரி.

ஏஆர் கோட்டிங்ல குழி பளிச்சுனு வெளிச்சமா தெரிஞ்சா குழம்பாதீங்க, கோட்டிங் போன இடத்துல வெறும் சிலிக்கா 3.5 சதவீதம் ரிஃப்ளெக்ட் பண்ணும், அதான். குழிய சுத்தி வானவில் மாதிரி கலர் வளையம் இருந்தா லேயர் படிப்படியா உரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

குழிங்க பீம் விழுந்த இடத்துல எப்படி சிதறிக் கிடக்குன்னும் பாருங்க. நானோசெகண்ட் பல்ஸ்ல டிஃபெக்ட் இருக்குற இடத்துல மட்டும் அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெடிக்கும். ஃபெம்டோசெகண்ட்ல பீம்ல எங்க இன்டென்சிட்டி ஒரு அளவ தாண்டுச்சோ அந்த ஏரியா முழுக்க ஓரம் வெட்டுன மாதிரி போயிருக்கும். வளையம் வளையமா டேமேஜ் இருந்தா இந்த மிரர குறை சொல்லாதீங்க, இதுக்கு முன்னாடி இருக்குற ஆப்டிக்ல ஒரு தூசியோ குழியோ இருந்து டிஃப்ராக்ஷன் வளையம் இங்க விழுந்திருக்கும், அதையும் கழட்டிப் பாருங்க. பாக்காம புது மிரர் போட்டா அதுவும் போகும்.

வளருதா இல்லையாங்கிறதுதான் கடைசி கேள்வி. அதே குழிய சில ஆயிரம் ஷாட்டுக்கு அப்புறம் திரும்ப அதே ஆப்ஜெக்டிவ்ல போட்டோ எடுங்க. கலிபோர்னியா லிவர்மோர்ல இருக்குற என்ஐஎஃப், 192 பீம் ஓடுற லேசர் ஃப்யூஷன் லேப், அங்கயே குழி இருக்குங்கிறதுக்காக ஆப்டிக்க தூக்கிப் போடுறதில்ல. டார்கெட் சேம்பருக்குள்ள கேமராவ விட்டு படம் எடுத்து வளருதான்னு பாத்துக்கிட்டே இருக்காங்க, சிலிக்கா ஆப்டிக்ல வளர ஆரம்பிச்ச இடத்த கார்பன் டை ஆக்சைடு லேசர் வச்சு உருக்கி ஆத்தி திரும்ப மாட்டுறாங்க. அதனால வளராத சின்ன குழி ஒண்ணு ரெண்டு இருந்தா ஓட்டுங்க.

மங்கலா ஒரு திட்டு, பழுப்பா ஒரு கறை

குழிய சுத்தி வெளிறின திட்டு, டிஐசில லேசா சொரசொரப்பா தெரியுதுன்னா அது பிளாஸ்மா ஸ்கால்டு, குழி வெடிச்சப்போ வந்த பிளாஸ்மா மேல் லேயர தீய்ச்ச தடம். ஹாஃப்னியா சிலிக்கா மிரர்ல இது பல சமயம் வளராது. பழுப்பு கறை, அதுவும் பீம் ஷேப்லயே இருந்தா எண்ணெய், பசை ஆவி எரிஞ்சு படிஞ்சதா இருக்க வாய்ப்பு அதிகம். 355, 266 நானோமீட்டர்ல ஓட்டுற மூடின பெட்டில இது ரொம்ப சகஜம், உள்ள ஒட்டியிருக்குற பசையும் ஓ-ரிங்கும்தான் குற்றவாளி. ஒரு தடவ டிராக் பண்ணிட்டு டிஐசில பாருங்க, கறை போயி மேற்பரப்பு சமமா இருந்தா தப்பிச்சீங்க, பெட்டிய சுத்தம் பண்ணுங்க. வெள்ளி மிரர்ல கருப்பு புள்ளி, சுத்தி ஒரு வளையம், நாளுக்கு நாள் பெருசாகுதுன்னா பாதுகாப்பு லேயர்ல ஊசி ஓட்டை இருந்து கந்தகம் உள்ள போயிருக்கு, அத கிளீன் பண்ணி பிரயோஜனம் இல்ல.

வெடிப்பு

காஞ்ச ஏரி மண்ணு பாளம் பாளமா வெடிக்கிற மாதிரி இருந்தா கோட்டிங் இழுவிசைல இருக்கு. நெளிஞ்சு நெளிஞ்சு சுருள் ஒயர் மாதிரி மேல தூக்கிக்கிட்டு ஓடுனா அமுக்கு விசை, டெலிபோன் கார்டு பக்ளிங்னு சொல்லுவாங்க. ரெண்டுமே லேசர் வேலை இல்ல, கோட்டிங் ஸ்ட்ரெஸ், பீம் படாத ஓரத்துலயும் இருக்கான்னு பாத்தா உறுதியாயிரும். வாங்கின இடத்துக்கே அனுப்புங்க. கார்பன் டை ஆக்சைடு லேசரோட ஜிங்க் செலினைடு லென்ஸ்ல வெடிப்போ எரிஞ்ச இடமோ தெரிஞ்சா சுரண்டிப் பாக்காதீங்க, அந்தப் பொடி விஷம், சில கோட்டிங்ல கதிரியக்கம் உள்ள தோரியம் ஃப்ளோரைடு லேயர் கூட இருக்கும்.

கிளை கிளையா வலை மாதிரி படருது

பூஞ்சை. கடலோர ஊர்ல மழை சீசன்ல பீரோவுக்குள்ள பூட்டி வச்ச கேமரா லென்ஸ், பைனாகுலர் எல்லாத்துலயும் வரும். டார்க் ஃபீல்டுல இழை இழையா பிரிஞ்சு போறது தெளிவா தெரியும், வெடிப்பு இப்படி கிளை விடாது. சீக்கிரம் பாத்தா துடைச்சாலே போயிரும், விட்டுட்டா அது விடுற அமிலம் கோட்டிங்க அரிச்சு, துடைச்ச பிறகும் அதே வலை டிஐசில பள்ளமா நிக்கும்.

மைக்ரோஸ்கோப்ல சுத்தமா இருக்கு, ஆனா சூடாகுது

எல்லா முகமும் மூணு வெளிச்சத்துலயும் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல, ஆனா பவர் ஏத்துனா ஃபோகஸ் நகருதுன்னா அது உறிஞ்சுற பிரச்சனை, வடிவம் மாறாத வரைக்கும் மைக்ரோஸ்கோப் அத காட்டாது. ஈர்ப்பு அலைய கண்டுபிடிக்கிற லைகோவோட 40 கிலோ மிரர்ங்கள்லயே இது நடந்துச்சு, கோட்டிங்ல மைக்ரான் அளவு புள்ளிங்க லேசர உறிஞ்சி சூடாகி மிரரோட வடிவத்தயே கெடுத்துச்சு. ஹார்ட்மேன் சென்சார் (ஒளி அலையோட வளைவ அளக்குறது) வச்சு எடுத்த வெப்ப மேப்லதான் அது எங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் அந்த இடங்கள நோண்டிப் பாத்தப்போ அலுமினியம் கலந்திருந்தது. நம்ம லெவல்ல, கண்ணாடிங்கள ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டு எதுல சூடு குறையுதுன்னு பாருங்க, தெர்மல் கேமரா இருந்தா இன்னும் சுலபம், பீம் ஓட ஆரம்பிச்ச உடனே எது முதல்ல சூடாகுதுன்னு தெரிஞ்சுரும்.

எஸ்இஎம்ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) வச்சா படம் வெள்ளையா பொங்குது

கோட்டிங்க்கு கரண்ட் கடத்தத் தெரியாது, எலக்ட்ரான் தேங்கி சார்ஜ் ஆகுது. வோல்டேஜ 1 கேவி பக்கம் இறக்கிப் பாருங்க, போதலைன்னா மெல்லிசா கார்பன் பூசணும். கார்பன் பூசுன பீஸ் திரும்ப லேசர் முன்னாடி போகாது, அதனால டிஐசி, ஏஎஃப்எம் வேலை எல்லாத்தையும் முடிச்சு போட்டோ, எக்ஸ் ஒய் ரீடிங் எல்லாம் எழுதி வச்ச பிறகு கடைசியாத்தான் எஸ்இஎம்முக்கு குடுங்க. கோட்டிங் ஆர்டர் போடும்போதே அதே ரன்ல ஒரு சின்ன விட்னஸ் பீஸ் (கூடவே கோட்டிங் போட்ட மாதிரித் துண்டு) சேத்துக் கேட்டு வாங்கி வச்சிருந்தீங்கன்னா, நல்ல மிரர பலி குடுக்காம அத எஸ்இஎம்ல வச்சு வெட்டிப் பாத்துக்கலாம்.